துவக்குப் பார்க்கப் போன நாள்

கேத்தான் கிழவர் துவக்கை மூடியிருந்த போர்வையை விலக்கியதும் நான் இரண்டு கைகளையும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டேன். தொடுவதில்லை, வாய் திறப்பதில்லை, பிரெஞ்சு விளங்காத இடத்தில் மட்டும் மச்சான் றெனோல்ட்டுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவது என்று காரில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். நிலக்கீழ் அறை. ஒற்றைப் பல்ப். மேசையில் கிடந்த துவக்கிலிருந்து எண்ணெய் மணம் எழுந்து வந்தது. அந்த மணத்தை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. இருபது வருடமாகியும் மூக்கு மறக்கவில்லை, சனியன்.

இதற்கெல்லாம் காரணம் என் வாய்தான். மொன்றியலில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறேன். கேத்தான் சனிக்கிழமைகளில் தக்காளி வாங்க வருவார். ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்து என்னிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு போவார். இரண்டாயிரத்து ஆறு செப்டெம்பர் கடைசியில், கண் மங்கிவிட்டது, இனி வேட்டைக்குப் போவதில்லை, துவக்கை விற்கப் போகிறேன் என்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அரசாங்கம் மலிவாகத் தள்ளிவிட்ட பட்டாளத்துத் துவக்கு, திரீ நோட் திரீ. கேட்டதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று பின்னேரமே வீட்டில் றெனோல்ட்டிடம் சொல்லிவிட்டேன்.

றெனோல்ட் என் மனைவி றோசலினின் தம்பி. முப்பது வயது, இன்னும் கலியாணமில்லை, எங்களோடுதான் இருக்கிறான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அங்கே கூட நிற்கிற கியூபெக்காரர் நவம்பரில் மான் வேட்டைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டதும் அவனுக்குத் தலைகால் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த ஏழு வருடத்தில் அவர்கள் அவனை ஓரிடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்சும் எடுத்துவிட்டான். துவக்கு மட்டும்தான் இல்லை. அவனுக்கு உதவத்தான் சொன்னேன் என்றால் அது பாதிப் பொய். எனக்கும் ஒருமுறை கிட்ட நின்று பார்க்க வேண்டும்போல இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

றெனோல்ட் துவக்கைத் தூக்கி, மரத்தைத் தடவி, சுவருக்கு நேரே பிடித்துப் பார்த்தான். கிழவர் மரத்துக்கு வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார். பெண் பார்க்கப் போனவன் சேலையை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதைதான். நான் பார்த்தது வேறு. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற இரும்பு உருளையைப் போல்ட் என்போம். அதன் கைபிடியில் வெட்டியிருந்த இலக்கம் ஒன்று, துவக்கின் உடம்பில் இருந்தது இன்னொன்று. வேறொரு துவக்கின் போல்ட்டை இதற்குப் போட்டிருக்கிறார்கள். சில நேரம் பொருந்திவிடும். பொருந்தாவிட்டால் தோட்டாவுக்குப் பின்னால் மயிரிழை இடைவெளி விழும். சுடச்சுடத் தோட்டாவின் பித்தளைக் கோது இழுபட்டு, ஒரு நாள் அறுந்து, நெருப்பு சுடுகிறவனின் முகத்துக்கே வரும். எங்கள் கொட்டிலில் ஒரு பெடியனுக்கு அப்படித்தான் வலது கண் போனது.

எங்கள் கொட்டில் என்று சொல்லிவிட்டேன், மிச்சத்தையும் சொல்லத்தான் வேண்டும். எண்பத்தாறில் எனக்குப் பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன இயக்கத்தில் இருந்தேன். சண்டைக்குப் போனதில்லை. பொலிசிடம் பறித்த இதே சாதித் துவக்குகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பழுது பார்த்துக் கொடுப்பது என் வேலை. இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு பின்னேரம் எங்கள் ஆள் ஒருவன் வந்து, இருக்கிறதில் நல்லதாக ஒன்று தா என்றான். தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். மறுநாள் விடிய, மற்ற இயக்கத்துக் கிளமென்ற் என்ற பெடியன் கோயில் மதிலோரம் செத்துக் கிடந்தான். ஆறு வருடத்துக்குப் பிறகு மொன்றியலில், கலியாணம் முடிந்த மூன்றாம் நாள், றோசலின் தன் சூட்கேசிலிருந்து எடுத்துக் காட்டிய நினைவு அட்டையில் அதே பெயரையும் திகதியையும் வாசித்தேன். அவளுடைய தமையன். அவன் செத்தபோது றெனோல்ட்டுக்குப் பத்து வயது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்வோம், பிள்ளை பிறக்கட்டும், பிள்ளை நடக்கட்டும் என்று பதினான்கு வருடம் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்தவரை நான் மாமாவின் சைக்கிள் கடையில் நின்ற பெடியன். அகதி வழக்கில் எழுதிக்கொடுத்ததும் அதே சைக்கிள் கடைதான்.

“வாங்கிறன் எண்டு சொல்லுங்கோ அத்தான்” என்றான் றெனோல்ட்.

வேண்டாம், பழசு, வேறொன்று பார்ப்போம் என்று மழுப்பினேன். அவன் சிரித்தான். உங்களுக்குத் தக்காளியைப் பற்றித்தான் தெரியும், துவக்கைப் பற்றி என்ன தெரியும் என்று பகிடி பண்ணினான். கிழவரிடம் கை கொடுக்கத் திரும்பினான். முகம் அப்படியே றோசலினின் முகம், கண்ணும் அவளுடைய கண்.

என் கை பொக்கற்றை விட்டு வெளியே வந்தது. பிறகு செய்ததெல்லாம் யோசித்துச் செய்ததல்ல. துவக்கை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்று விரல் விட்டுப் பார்த்து, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அதன் தலையை மேலே திருப்பி உருவி மேசையில் வைத்தேன். வெளிச்சம் தெறிக்கப் பெருவிரல் நகத்தைப் பின்வாயில் பிடித்துக்கொண்டு முன்பக்கத்தால் குழலுக்குள் பார்த்தேன். குழல் சுத்தம். சுட்ட கோதுகள் இருக்கின்றனவா என்று கிழவரைக் கேட்டேன். பிஸ்கற் ரின் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு கோதை எடுத்துப் பல்புக்குக் கீழே திருப்பினேன். அடிக்குச் சற்று மேலே சுற்றிவர ஒரு மினுங்கும் கோடு, பித்தளை இழுபட்ட தடம். அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது.

இதை இனி யாரும் சுடக்கூடாது, விற்கவும் கூடாது என்று பிரெஞ்சில் சொன்னேன். கிழவருக்கு முதலில் கோபம் வந்தது. நாற்பது வருடம் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்றார். கோதை அவர் கையில் வைத்து, அந்தக் கோட்டில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். நீ பட்டாளத்தில் இருந்தவனா என்று கேட்டார். இல்லை என்றேன். றெனோல்ட் துவக்கைப் பார்க்கவில்லை, கோதையும் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

துவக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். றெனோல்ட் ஜான்-டலோன் வீதியால் காரை ஓட்டினான். பார்க் அவெனியூச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது.

“அத்தான், நீங்கள் எந்த இயக்கம்?”

சைக்கிள் கடை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இவ்வளவு பார்த்தவனிடம் இன்னும் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயக்கத்தின் பெயரைச் சொன்னேன். விளக்கு பச்சையாகியும் அவன் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

“அண்ணையைச் சுட்டது உங்கட ஆக்கள்.”

“ஓம். நான் சுடேல்லை றெனோல்ட். துவக்கைத் துடைச்சுக் குடுத்தது நான். ஆருக்கு எண்டு எனக்குத் தெரியாது.”

தெரியாது என்ற சொல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அந்த நாளில் பொழுதுபடுகிற நேரம் ஒருவன் வந்து நல்ல துவக்காகக் கேட்டால் எதற்கென்று தெரியாதா? பெயர் தெரியாது, அவ்வளவுதான். கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை.

அவன் காரை மெதுவாக எடுத்தான். என்னைப் பார்க்காமலே சொன்னான்:

“வருசா வருசம் செத்த ஆக்களின்ர திருநாளுக்கு அண்ணையின்ர பேரைப் பூசைக்கு எழுதிக் குடுக்கிறது நீங்கள்தானே. என்ர மனிசன் ஒருநாளும் மறக்கிறேல்லை எண்டு அக்கா கோயில் முழுக்கச் சொல்லித் திரியிறவ.”

எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு முன்னால் அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் பிழை இல்லை. நான் மறந்ததே இல்லை.

“இண்டைக்குப் பேசாமல் நிண்டிருக்கலாமே அத்தான்” என்றான். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“உன்ர கண் போயிருக்குமடா.”

அவன் காரை எங்கள் தெருவுக்குள் திருப்பினான்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இடம் கிடைத்தது. காரை நிறுத்தினான், என்ஜினை நிறுத்தவில்லை. இரண்டு பேரும் பெல்ற்றைக் கழற்றவுமில்லை. மேலே பல்கனியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்த றோசலின் எங்களைக் கண்டுவிட்டு, காய்ந்த துணிகளைத் தோளில் போட்டபடியே இரும்புப் படியால் இறங்கத் தொடங்கினாள்.

“நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லவோ?” என்றான் றெனோல்ட்.

அவள் என் பக்கம் வந்து குனிந்தாள். கண்ணாடிக்கு வெளியே அவளுடைய வாய் அசைந்தது. துவக்கு எங்கே என்றுதான் கேட்டிருப்பாள். பின் இருக்கையை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். றெனோல்ட் தன் பக்கத்துப் பொத்தானை அமத்தினான். என் பக்கத்துக் கண்ணாடி கீழே இறங்கத் தொடங்கியது.