சக்களத்தியின் காரணிகள்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. இருநூறு இலக்கத்துக்கு மேல் நீளும் ஓர் எண். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் என் வீட்டுக்காரர் ஆறு வருடமாக அவளோடுதான் குடித்தனம் நடத்துகிறார். கீழே என் சலவைக் கடை, மேலே வீடு. அந்த எண்ணை எது மீதியில்லாமல் வகுக்கும் என்று படுக்கையறை மூலையில் ஒரு கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டே தேடும்.

"எதுவுமே வகுக்காதோ என்னமோ. எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வகுக்கும். அது பகு எண்தான். பகா எண்ணா இருந்தா ஒரு சோதனையில பாஸ் ஆகியே தீரணும், இது ஃபெயில். ஆனா எது வகுக்கும்னு அந்தச் சோதனை சொல்லாது."

"நீங்க வெளியில சாப்பிட்டுட்டு வந்தா மூஞ்சியிலயே தெரிஞ்சுடும். எந்தக் கடைன்னு தெரியாது. அது மாதிரியா?"

மனிதர் அசந்துபோனார். மறுநாள் வகுப்பில் அதையே சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்துவிட்டு வந்தார்.

போன வாரம் ஒரு நாள் காலையில் அவருடைய கல்லூரி நண்பர் கடைக்கு போன் செய்தார். "அந்த எண்ணை யாரோ உடைச்சுட்டாங்க. அதை வகுக்கிற காரணி ஒண்ணு கிடைச்சிடுச்சாம், அம்பத்திரெண்டு இலக்கம். நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

சக்களத்தி ஒழிந்தாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

"இவனுக்குத்தான் கிடைச்சிருக்கணும்," என்றார் நண்பர். "அதே முறையிலதான் தேடினான். ஆனா பகல் பூரா மெஷினை நிறுத்தி வெச்சா எப்படி? ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான்."

எனக்குச் சுரீரென்றது. முன்பெல்லாம் அந்த கம்ப்யூட்டரும், இஸ்திரிக்கு நீராவி தரும் என் கரண்ட் பாய்லரும் சேர்ந்து ஓடினால் ஃப்யூஸ் போய்விடும். பழைய கட்டடம்; தனி லைன் இழுக்கச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. ஒரு நாள் துணியெல்லாம் ஈரத்தோடு கிடக்க, அவரைப் பிடித்து விளாசிவிட்டேன். அதற்குப் பிறகு ஃப்யூஸ் போனதே இல்லை. கடைசியாக ஃப்யூஸ் மாட்டிவிட்டுப் போன எலெக்ட்ரீஷியன் கைராசிக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பகலில் மேலே சத்தமில்லையே என்று கேட்டபோது, மெஷினுக்கும் ஓய்வு வேண்டுமல்லவா என்றார். நம்பினேன்.

மேலே போய் விஷயத்தைச் சொன்னேன். குளித்த ஈரத் தலையும் தோளில் துண்டுமாகக் கட்டிலில் உட்கார்ந்தார். "எத்தனை இலக்கமாம்?"

"அம்பத்திரெண்டாம்."

"அந்த அளவுலதான் தேடிட்டிருந்தேன்," என்றார். முகம் சுருங்கிப்போயிற்று. அதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

"என் பாய்லருக்காகவா பகல்ல நிறுத்தினீங்க?"

"அதுக்கும் ஓய்வு..."

"கதை விடாதீங்க."

துண்டின் ஓரத்தை முறுக்கினார். "அந்த எண்ணை என்னிக்காவது யாராவது உடைச்சிருப்பாங்க. உன் கடையை நீதானே பாத்தாகணும்."

ஆறு வருடமாக யார் மேல் பொறாமைப்பட்டேன் என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது. அந்த நிமிடம் அவர் மேல் வந்த பாசத்தில் துண்டைப் பிடுங்கி அவர் தலையைத் துவட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து கல்லூரி லேப்டாப்பைத் திறந்து, நெட்டில் வந்திருந்த அந்தப் புதுக் காரணியால் எண்ணை வகுத்தார். ஈவு வந்தது. அதையும் சோதித்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"இதுவும் பகு எண்தான். இன்னும் உடையும்."

"அப்ப தேட விடுங்க."

"சாயங்காலம் போட்டுக்கறேன். கீழ பாய்லர் ஓடுதே."

நான் இறங்கிப் போய் பாய்லரை அணைத்தேன். இஸ்திரிக்குக் கொடுத்த கோட்டுக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு வாங்க," என்றேன்.

"ஏன், கரண்ட் இல்லையா?"

"இருக்கு. இன்னிக்கு அது எங்க வீட்டுக்காரருக்கு."