முந்தி வளர்ந்த இரண்டு கருக்கள்

செவலைப் பசு வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபோது பெரியவர் கலங்கவில்லை. "வலி தெரியாம முடிச்சிடுங்க" என்று கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். தாத்தா காலத்திலிருந்து வந்த வம்சத்தில் அதுதான் கடைசி. அதற்குக் கிடேரி, அதாவது பெண் கன்று, இல்லை. தங்கைக்கு அந்த வம்சத்தில் ஒரு கிடேரி தருவதாக, அவள் மாமியார் வீட்டார் முன்னிலையில் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சொன்ன சொல் தவறிய பேச்சு அந்தக் குடும்பத்தில் அதுவரை எழுந்ததில்லை.

மகள் வேலை பார்த்த ஆய்வகம் கைகொடுத்தது. இறந்த பசுவின் சூலகத்திலிருந்து முட்டைகளை எடுத்து, அதே இனக் காளையின் விந்தோடு சேர்த்து, கண்ணாடித் தட்டில் கருவாக்கினாள் அவள். சுமப்பதற்குத் தயாராக இரண்டு மாடுகள் மட்டுமே கிடைத்தன.

கருவை மாடுகளுக்கு மாற்றும் நாளில் பெரியவரும் ஆய்வகத்துக்கு வந்தார். தலையில் காகிதத் தொப்பி மாட்டிவிட்டபோதும் அவர் கழுத்து வளையவில்லை. மகள் நுண்ணோக்கியை அவர் பக்கம் திருப்பினாள்.

"பாருங்கப்பா. இந்த ரெண்டும் நல்லா உப்பி வந்திருக்கு. இந்த மூணு கொஞ்சம் மெதுவா வருது. உப்பினதுல ஒண்ணு, மெதுவா வர்றதுல ஒண்ணு வைக்கலாம்னு பாக்குறேன்."

"பின்தங்கினத எதுக்கும்மா?"

"ஆண் கருதான் பெரும்பாலும் முந்தி வளரும். கரு வளர்ற கரைசல்ல குளுக்கோஸ் கூடினா அதுக்கு இன்னும் வேகம். உறுதியா சொல்ல முடியாது. ஆனா நமக்குக் கிடேரிதானே வேணும்?"

"சோதிச்சுப் பாத்தா தெரியாதா?"

"அதுக்கான வசதி இங்க இல்லப்பா."

பக்கத்து மேசையில் இருந்த உதவியாளர் சிரித்தார். "பொண்ணுங்க நிதானமாத்தான் கிளம்புவாங்கய்யா. என் வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனா, நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள மாப்பிள்ளையும் பொண்ணுமே வீட்டுக்குப் போயிருப்பாங்க."

அது வெறும் வேடிக்கைதான். ஆனால் வெளியாள் எதிரே தன் பசுவின் கரு சோப்ளாங்கியாக நிற்பது பெரியவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"நம்ம வீட்டுப் பசுவோட பேருக்கு ஒரு நொண்டிய வைப்பியா? அது நிக்காம கலைஞ்சா நாலு பேர் என்ன பேசுவாங்க? முந்தி வந்த ரெண்டையும் வை."

"மெதுவா வர்றது நொண்டி இல்லப்பா..."

"வைம்மா."

வைத்தாள். மீதி மூன்றும் உறையவைத்துக் காப்பாற்றும் அளவுக்குத் தேறவில்லை.

இரண்டு மாடுகளும் சினை பிடித்தன. பெரியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தங்கைக்குச் செய்தி சொன்னார். பிறகு மருத்துவர் ஸ்கேன் கருவியோடு தொழுவத்துக்கு வந்தார். திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"ரெண்டும் காளைக் கன்னுதான்யா."

"இன்னொரு தடவ பாருங்க."

"ரெண்டு தடவ பாத்துட்டேன்யா."

பெரியவர் மகளைப் பார்த்தார். 'அப்பவே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது முடிந்திருக்கும். அவளோ மெல்ல, "மெதுவா வந்ததும் காளையா இருந்திருக்கலாம்ப்பா" என்றாள். அந்த இரக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் சட்டைப்பையில் போன் ஒலித்தது. தங்கை.

"அண்ணே, ஸ்கேன் இன்னைக்குத்தானே? என் மாமியாரும் பக்கத்துலதான் இருக்காங்க. தொழுவத்துல இடம்கூட ஒதுக்கியாச்சு."

அவர் போனை மகளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"உங்க வாக்குப்பா. நீங்கதான் சொல்லணும்."

மறுபடி காதில் வைத்தார்.

"அண்ணே? கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றார். "ரெண்டும் காளைக் கன்னுதாம்மா."