விலைக்குத் தகுந்த ருசி

விடியும் முன்பே இறைச்சி லாரி பின்வாசலில் வந்து நின்றுவிடும். தோளில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் மாட்டின் தொடையை ஏற்றிக்கொண்டு குளிரறைக்குப் போவாள் அவள். தோளில் பனி, முதுகில் வியர்வை. பிறகு வெட்டுமேசை. எலும்பை ஒட்டிக் கத்தி இறங்கும்போது விரல்கள் மரத்துப்போயிருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் கொழுப்பு வாடை கூந்தலை விட்டுப் போகாது.

அவள் கணவனுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மாட்டுக்கறியைத் துண்டாகச் சுட்டுத் தரும் அதே ஸ்டேக் ஓட்டலின் ஹாலில் அவன் சர்வர். கஞ்சி போட்ட சட்டை, கறுப்புக் கோட்டு, ஏசி காற்று. ஒரே பஸ்ஸில் கிளம்புகிற இருவரில் ஒருவர் மட்டும் மணக்க மணக்கத் திரும்பினால் வயிறு எரியாதா? போதாததற்குக் கேஷியர் பெண் வேறு. ஓயாத பேச்சுக்காகச் சமையற்கட்டு அவளுக்கு வைத்த பெயர் மைனா. அவள் கல்லாவிலிருந்து ஏதாவது சொல்வாள். இவன் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பான். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

அன்று அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. புகையை இழுக்கும் ஃபேன் பழுதாகி மாதக்கணக்காகியும் முதலாளி கவனிக்கவில்லை. போன வாரம் அதில் அடைந்திருந்த கொழுப்பு தீப்பிடித்து, கிரில் அடுப்பில் கறி சுடுகிற அண்ணனின் வலக்கை முழங்கைவரை வெந்துபோனது. "அவன் அஜாக்கிரதை. வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று முடித்துவிட்டார் முதலாளி. அண்ணனுக்கு வைத்தியம் பார்த்து, வேலையையும் திருப்பித் தராவிட்டால் மறுநாள் முதல் அடுப்பு எரியாது என்று சமையற்கட்டு முடிவு செய்திருந்தது. ஆனால் ஹால் வழக்கம்போல நடந்தால், சமையற்கட்டில் யாரையாவது பிடித்து வைத்து முதலாளி சமாளித்துவிடுவார். ஹால் ஆட்களோ வாயைத் திறக்கவில்லை.

அது முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் அன்று முற்பகல் ஹால் ஆட்களுக்கு மட்டும் விருந்து. "நாம விக்கறதை நாமே ருசி பார்த்தாத்தானே கஸ்டமர்கிட்ட தைரியமா சொல்லலாம்" என்றார்.

பரிமாறும் ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். வெள்ளை விரிப்பு மேசையில் அவள் கணவன். எதிரே மைனா.

"கல்யாண நாளுக்குக்கூட என்னை வெளியில கூட்டிட்டுப் போகல" என்று பொருமினாள்.

"ஒரு துண்டுக் கறிக்கு விலை போயிட்டாரு உன் புருஷன்" என்றாள் பாத்திரம் கழுவுகிற அத்தை.

அண்ணன் இல்லாத கிரில்லில் அன்று நின்றவள் அவள்தான். மைனா குறை சொல்லிவிடக் கூடாது என்ற வீம்பில், அவளுடைய துண்டைப் பதம் பார்த்துப் பார்த்து எடுத்தாள். கணவனுடையதைத் தீயிலேயே விட்டுவிட்டாள். இரண்டு பக்கமும் கரியான பிறகுதான் தட்டுக்கு வந்தது.

கத்தி இறங்காமல் அவன் மல்லுக்கட்டினான். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். யார் வேலை என்று தெரியாதா அவனுக்கு? அப்படியே மென்றான்.

முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். "எப்படி? குடுக்கற காசுக்குத் தகுந்த சாப்பாடுதானே?"

"இல்லீங்க முதலாளி. கருகிப்போச்சு" என்றான் அவன். "கஸ்டமரா இருந்தா எழுந்து போயிருப்பேன். இவ்வளவு விலை குடுத்து ஜனங்க வர்றது உங்க விளக்குக்கும் விரிப்புக்குமா? அண்ணன் கைக்குங்க. அந்தக் கை வெந்துபோய் வீட்ல கிடக்கு."

முதலாளி குனிந்து தட்டைப் பார்த்தார்.

"யார் போட்டது இதை? இப்பவே வீட்டுக்கு அனுப்பறேன்!"

அவன் முகம் வெளுத்தது. பேச்சு இப்படித் திரும்பும் என்று அவன் நினைக்கவில்லை. அவளோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தாள்.

"நான்தாங்க போட்டேன்."

"வேணும்னே கெடுத்திருக்கே! எதிர்ல பாரு, அந்தப் பொண்ணு தட்டுல எவ்வளவு நல்லா இருக்கு!"

"எங்க நல்லா இருக்கு?" என்றாள் மைனா. "என்னுதும் கருகித்தான் கிடக்கு."

அவள் தட்டில் பாதி வெட்டிய துண்டு இளஞ்சிவப்பாகச் சாறு வடித்துக்கொண்டிருந்தது. மைனா முள்கரண்டியைப் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"என்னுதும்தாங்க" என்றார் மூத்த சர்வர். "வாயில வைக்க முடியல."

ஒவ்வொரு தட்டாக மேசையின் நடுவுக்கு நகர்ந்தது.

"உங்களுக்கெல்லாம் கண்ணு தெரியலையா?"

"அண்ணன் வேலைக்கு வந்தாத் தெரியும்ங்க" என்றாள் மைனா.

"நாளைக்கே எல்லாரையும் மாத்திக் காட்டறேன்!" என்று கதவை அறைந்துவிட்டுப் போனார் முதலாளி. செய்யக்கூடியவர்தான்.

ஹால் ஆட்கள் சமையற்கட்டுக்குள் வந்தார்கள். வெங்காய மூட்டைமேலும் கவிழ்த்த கூடைமேலும் உட்கார்ந்து, மறுநாள் மறியலுக்கு யார் முன்வாசலில் நிற்பது, யார் பின்வாசலில் நிற்பது என்று பேச ஆரம்பித்தார்கள். கோட்டுகளில் புகை ஏறுவதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அவள் அருகே மைனா வந்தாள். "அக்கா, அப்படி ஒரு துண்டை நான் ஜென்மத்துல சாப்பிட்டதில்ல. பாதியில தள்ளிட்டேனேன்னு மனசே ஆறல."

"அது சரி. நாளைக்கு எங்க நிக்கப் போறே?"

"உங்க பக்கத்துலதான். உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னா எனக்கும் கரிதானே கிடைக்கும்?"

சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. மூட்டைமேல் நகர்ந்து, மைனாவுக்கு இடம் விட்டாள்.