இன்னொரு வாய்தா

குழி வெட்டப் போனவர்களில் இரண்டு பேர் பாதியில் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். மூத்தவர் கையில் அளவெடுக்கிற மூங்கில் குச்சி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க மாதம்மா, தப்பா நெனைக்காதீங்க. அண்ணனுக்கு ஒரு காலு நீளம், ஒரு காலு கட்டை. எதுக்கு அளவு வெச்சு வெட்டறது?"

அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கினார்கள். கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்த மாதம்மாள் நிமிர்ந்தாள்.

"நீளக் காலுக்கே வெட்டுங்க. மனுசன் அங்கயாச்சும் நல்லா நீட்டிப் படுக்கட்டும்."

குச்சி வைத்திருந்தவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பெண்களில் ஒருத்தி. யாராலும் அடக்க முடியவில்லை. அழுத கண்ணோடு எல்லோரும் சிரித்தார்கள்.

காலையிலிருந்தே மாரமங்கலத்தில் அந்த வீடு அப்படித்தான் இருந்தது. வேடியப்பனுக்கு அறுபத்தெட்டு வயது. ஒருநாள்கூடப் படுக்கையில் கிடந்ததில்லை. நேற்றுக் காலை வாசலில் காயப்போட்ட மிளகைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் சாஞ்சுக்கறேன், புள்ள" என்று சுவரில் முதுகைச் சாய்த்தார். மாதம்மாள் காப்பியோடு வந்தபோது அவர் உள்ளங்கையில் நாலைந்து மிளகு ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு நின்றிருந்தது. இப்படி ஒரு சாவு யாருக்கு வாய்க்கும் என்று ஊரே சொன்னது. மேளத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் மலை முழுவதிலிருந்தும் வந்து, அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கதைகளில் பாதி கோர்ட்டுக் கதை. பதினோரு வருடங்களுக்கு முன்னால், எண்பதாம் ஆண்டில், ஏற்காடு மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓரமாக நடந்துகொண்டிருந்தவரை ஓர் அம்பாசிடர் கார் தட்டிவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் சேலத்தில் ஆஸ்பத்திரிவாசம். மாவுக்கட்டைப் பிரித்துப் பார்த்தால் வலது கால் இரண்டு அங்குலம் குட்டையாகச் சேர்ந்திருந்தது. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்றார் வக்கீல்.

முதல் வருடம் கார் முதலாளிக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பித் திரும்பி வந்ததிலேயே போயிற்று. அவர் பெங்களூருக்குக் குடிபோய்விட்டாராம். அவரைக் கண்டுபிடித்து முடித்தபோது நீதிபதிக்கு மாற்றல் வந்தது. ஏழு மாதம் அந்த நாற்காலியில் ஆளே இல்லை. காலைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டிய டாக்டர் ராமநாதபுரத்துக்குப் போய்விட்டார். அவர் வந்து சேர இரண்டு வருடம். நடுவில் வழக்குக் கட்டே காணாமல் போய், எவருடைய நிலத்தகராறுக் கட்டுக்குள்ளேயோ இருந்து அகப்பட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல், அவர் மகனுக்குக் கல்யாணம், மறுபடியும் காய்ச்சல்.

கம்பு ஊன்றி நடக்கிறவரைத் தனியாகச் சேலத்துக்கு அனுப்ப முடியாது. மகன் பொன்னுவேலுக்குக் காட்டில் வேலை. அதனால் மாதம்மாள் கூடப் போனாள். அதுவரை முப்பது வருட வாழ்க்கையில் அவர்கள் இரண்டு பேர் மட்டுமாக எங்கும் போனதில்லை. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக்கூட அவர் ஆண்களோடு முன்னால் போவார், இவள் பெண்களோடு பின்னால் நடப்பாள்.

முதல் வாய்தாவுக்கு மலை இறங்குவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். ஐந்தாவது வாய்தாவுக்கு முதல் நாளே சேலையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டு, வேறு தேதி சொல்லி அனுப்ப அரை நிமிடம்கூட ஆகாது. மலைக்குத் திரும்பும் பஸ் நாலு மணிக்கு. நடுவில் ஒரு முழுப்பகல் கிடந்தது. ஹோட்டலில் மசால் தோசை சாப்பிட்டார்கள். வளையல் கடையில் வாங்காமலே ஒரு மணி நேரம் பார்த்தார்கள். சினிமாவுக்குப் போய், விசிறிக் காற்றில் இரண்டு பேரும் தூங்கிவிட்டு வந்தார்கள். இடித்த காரின் டிரைவரும் அதே வழக்குக்கு வந்து நிற்பார். நாளாவட்டத்தில் அவரும் வேப்ப மரத்தடியில் இவர்களோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்தார்.

மதிய பஸ்ஸில் தேவசிகாமணி மாலையோடு வந்து இறங்கினார். வக்கீலின் குமாஸ்தா. பொன்னுவேல் நேற்றே ஏற்காடு போய் அவருக்குப் போன் போட்டிருந்தான். மாலையைச் சாத்திவிட்டு, வாசலில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார். பொன்னுவேல் அவர் பக்கத்தில் வந்து நின்றான். கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் துண்டை முறுக்கினான்.

"கேசு இனி என்னாவுங்க?"

"ஒண்ணும் ஆவாது, தம்பி. வாதமெல்லாம் முடிஞ்சு தீர்ப்புக்கு வெச்சிருக்காங்க. ஆளுதான் போவாரு, கேசு போவாது. அம்மா பேருக்கு வாரிசு மனுப் போட்டுடலாம்."

"இத்தன வருசம் இழுத்து, அப்பன் கையில வாங்காமயே போயிருச்சே."

தேவசிகாமணி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவோரம் நின்ற மாதம்மாளைப் பார்த்தார்.

"சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாருங்க. இனிமேச் சொன்னா என்ன. ஆறு வருசத்துக்கு முன்னாடியே கம்பெனிக்காரங்க ராஜிக்கு வந்தாங்க. நல்ல தொகைதான். எங்க வக்கீலய்யா வாங்கிக்கச் சொன்னாரு. பெரியவரு பத்தாதுன்னுட்டாரு. வெளிய வந்து எங்கிட்ட மட்டும் வேற சொன்னாரு."

"என்னன்னு?"

"'கேசு முடிஞ்சிட்டா, எம்பொண்டாட்டிய என்னத்தச் சொல்லிச் சேலத்துக்குக் கூட்டியாருவேன்?'னாருங்க."

மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சுவதற்காக ஓய்ந்திருந்தார்கள். வைக்கோல் தீ படபடவென்று எரிவது மட்டும் கேட்டது.

பொன்னுவேலின் முகம் சிவந்தது. "ஆறு வருசமா? அந்த வருசந்தானுங்க ஓடு மாத்தக் காசில்லாம மழையெல்லாம் ஊட்டுக்குள்ள ஊத்துச்சு. புள்ளைங்கள மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். இந்த மனுசன் என்னன்னா..." தாயைப் பார்த்தான்.

மாதம்மாளுக்கும் கோபந்தான் முதலில் வந்தது. அந்த மழை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் ஒழுகுகிற இடத்தில் வைத்து, பற்றாமல் உரலையும் உருட்டி வைத்தாள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்த வாய்தாவும் நினைவுக்கு வந்தது. வக்கீல் அறையிலிருந்து வெளியே வந்தவர் பரீட்சையில் பாசான பையனைப் போலச் சிரித்துக்கொண்டே வந்தார். "என்னாச்சுங்க?" என்று கேட்டாள். "இன்னொரு வாய்தா போட்டுட்டாங்க, புள்ள. வா, உனக்கு ரயிலு காட்டறேன்" என்றார். ஜங்ஷனில் பிளாட்பார டிக்கெட் எடுத்து, ஒரு பெஞ்சில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவள் ரயிலை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள். வந்த ஒவ்வொரு ரயிலுக்கும் அவர் ஓர் ஊர் சொன்னார். பாதி பொய் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கூட்ஸ் வண்டியைக் கூட டில்லிக்குப் போகிறது என்றார்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பக்கத்திலிருந்த பெண்கள் ஓடிவந்து பிடித்தார்கள். "மனசத் தேத்திக்க, ஆத்தா" என்று முந்தானையை விலக்கிய ஒருத்தி திகைத்துப் போனாள். மாதம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, சிரிப்பு நிற்கவில்லை. உள்ளே போய்க் கணவன் பக்கத்தில் குனிந்தாள்.

"அடத் திருட்டு மனுசா" என்று சொல்லி அவர் சட்டைக் காலரை நேராக்கினாள்.

பொன்னுவேல் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தான். சற்று நேரம் கழித்து மேளம் மறுபடி எழுந்தபோது துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினான். அவன் ஆடி யாரும் பார்த்ததில்லை. பாடைக்கு முன்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்குகிற பாதை முழுவதும் ஆடிக்கொண்டே போனான். வயசானவர்கள்கூட அவனுக்கு ஈடு கொடுக்க இரண்டு அடி வைத்துப் பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்து குளித்து வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. மருமகள் ஆராயி வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தேவசிகாமணி சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

"பதினாலாந் தேதி வரணுங்க, அம்மா. மனுவுல உங்க கைநாட்டு வேணும்."

"அம்மாவ எதுக்கு அலையவிடறது? நானே வந்துடறனுங்க" என்றான் பொன்னுவேல்.

"நீ காட்டு வேலையப் பாரு, சாமி. நாந்தான் போவேன்." மாதம்மாள் குமாஸ்தாவின் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே முடிஞ்சிருமுங்களா?"

தேவசிகாமணி சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "எப்படிங்க முடியும்? கம்பெனிக்கு நோட்டீஸ் போவணும். இன்னும் ரெண்டு மூணு வாய்தா ஆவும்."

"பரவால்லைங்க. நிதானமாவே பண்ணுங்க."

அவர் போன பிறகு மாதம்மாள் எழுந்து ஆராயியின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீ உக்காந்து சாப்புடு, கண்ணு. காலையிலிருந்து பச்சத் தண்ணி குடிக்கல. ஆமா, நீ சேலம் பாத்திருக்கியா?"

"நான் எங்க பாத்தேன், அத்தை. ஏற்காட்டுச் சந்தைக்கு அந்தாண்ட போனதில்லியே."

"பதினாலாந் தேதி கோழி கூப்புட எந்திரிச்சிரு. அந்தப் பச்சச் சேலையக் கட்டிக்க."

ஆராயி கணவனைப் பார்த்தாள். பொன்னுவேல் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். உதட்டோரம் சிரிப்பு தெரிந்தது.

பதினாலாம் தேதி முதல் பஸ்ஸில் கூட்டமில்லை. ஏற்காடு தாண்டியதும் பாதை இறங்கத் தொடங்கியது. ஒரு வளைவில் பனி விலகி, கீழே சமவெளி முழுவதும் வெயிலில் கிடந்தது. ஆராயி "அத்தை!" என்று கத்திவிட்டு எழுந்து, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினாள். மாதம்மாள் அந்தப் பச்சைச் சேலையின் முந்தானையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.