சுவரின் அடியில் ஒரு கட்டம்

ஹேமநாதன் வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்த அன்றே மனோரமாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மற்ற வீடுகளில் புருஷன் காய் நறுக்கினால் பெண்டாட்டி சந்தோஷப்படுவாள். இந்த வீட்டு வழக்கம் வேறு. முதல் தடவை ஷார்ஜாவுக்குப் போகும் முன் அவளை மலைக்கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், நன்றாகச் சாமி கும்பிடவிட்டு, படி இறங்கும்போது விஷயத்தைச் சொன்னான். இரண்டாவது தடவை தையல் மிஷின் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான். மூன்றாவது தடவை அவள் வைத்த குழம்பைப் புகழ்ந்துவிட்டுச் சொன்னான். அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. ஆக, இந்த மனிதனிடமிருந்து அன்பு வந்தால் பின்னாலேயே பெட்டி கட்டுவான் என்பது அவளுக்கு மனப்பாடம்.

இந்தத் தடவை, "இனிமே போறதில்ல மனோ" என்று சொல்லிக்கொண்டுதான் வந்து இறங்கினான். ஊரிலேயே ரெடிமேட் கடை போடப் போவதாகப் பேச்சு. ஆனால் ஷார்ஜாவில் துணிக்கடை வைத்திருக்கும் அவன் அண்ணன் பரந்தாமன் விடவில்லை. பக்கத்துக் கடையும் கைக்கு வருகிறது, தம்பி வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று தினம் ஒரு போன். தகப்பன் போன பிறகு ஹேமநாதனை ஆளாக்கியவர் அவர். அவர் பேச்சுக்கு இவன் இதுவரை மறுபேச்சு பேசியதில்லை.

மனோரமா, "இவரு வரமாட்டாரு பாவா" என்று பரந்தாமனிடம் போனிலேயே சொல்லிவிட்டாள். அண்ணனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த ஹேமநாதன்தான் அந்த யோசனையை எடுத்துவிட்டான். "நானும் மனோவும் தாவ்லா ஒரு ஆட்டம் ஆடறோம்ணா. நான் ஜெயிச்சா நீங்க சொல்றது, அவ ஜெயிச்சா அவ சொல்றது. மலைய பாத்து சத்தியம்."

பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கேமன் என்கிற ஆட்டத்துக்கு அரபுக்காரர்கள் வைத்த பெயர் தாவ்லா. அண்ணன்தான் தம்பிக்குக் கற்றுக்கொடுத்தார். தம்பி அங்கிருந்தபடியே போனில் பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுத்தான். பல வருஷம் அவர்கள் குடித்தனம் நடத்தியதே அந்த ஆட்டத்தில்தான் என்று சொல்லலாம். தெருவில் இதை ஷார்ஜா தாயம் என்று கேலி செய்வார்கள்.

பரந்தாமன் சம்மதித்தார். "ஆனா நான் பாத்துகினு இருப்பேன்" என்றார்.

அதிலும் மனோரமாவுக்குச் சந்தேகம். தாவ்லாவில் பாதிக்கு மேல் ஜெயிப்பவள் அவள். அது தெரிந்தும் இவன் ஏன் இதில் கொண்டுபோய்ப் பந்தயம் கட்டுகிறான்? ஏதோ கைவசம் வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டினாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பலகையை விரித்தார்கள். சொம்பில் சாய்த்து வைத்த போனில் பரந்தாமனின் முகம் பாதியும் நெற்றி பாதியுமாகத் தெரிந்தது. மனோரமா பகடைகளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற?" என்றான் ஹேமநாதன்.

"சும்மாதான்" என்றாள்.

ஆட்டம் பாதி தாண்டியதும் நிலைமை இப்படி ஆயிற்று. அவள் காய் ஒன்று அவன் வீட்டு மூலையில் மாட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் அவன் ஐந்து கட்டங்களில் வரிசையாக இரண்டிரண்டு காயாக நிறுத்திச் சுவர் எழுப்பிவிட்டான். எதிராளியின் ஜோடி நிற்கும் கட்டத்தில் கால் வைக்க முடியாது. ஒரு பகடையில் ஆறுக்கு மேல் தாண்டவும் முடியாது. சுவர் ஆறு கட்டமாகிவிட்டால் உள்ளே இருப்பது உள்ளேயேதான். ஐந்தாக இருக்கும்போதே சுவரை ஒட்டிய கட்டத்துக்கு வந்து நின்றுகொண்டால், ஒரு ஆறு விழும் நேரத்தில் தாண்டி ஓடிவிடலாம். அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. மூலையிலிருந்து இரண்டே எட்டு. ஆனால் அங்கே தனிக் காயாக வந்து நின்றால் அவன் வெட்டலாம்.

அவளுக்கு இரண்டும் நாலும் விழுந்தது.

எப்போது முன்னால் வருவது என்பதை அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். சுவர் முடியும் முன்பே வந்துவிட வேண்டும், பயந்து உட்கார்ந்தால் எதிராளி கட்டி முடித்துவிடுவான் என்று. அதை யார் சொன்னது? இவன்தானே சொன்னது. அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் இரண்டையும் நாலையும் வேறு காய்களுக்கு ஆடிவிட்டு மூலையிலேயே இருந்தாள்.

அவன் உருட்டினான். அந்தக் கட்டத்தை மூடுவதற்குத் தோதாகவே விழுந்தது. அவன் மூடவில்லை. சம்பந்தமில்லாமல் வேறெங்கோ இருந்த காய்களை நகர்த்தினான்.

போனிலிருந்து சத்தம் வந்தது. "டேய், இன்னாடா ஆடற நீ? அத்த மூடிட்டா கதை முடிஞ்சிதே."

"வரட்டும்ணா. வந்தா வெட்டலாம்னு வுட்டுவச்சிருக்கேன்" என்றான் ஹேமநாதன்.

மனோரமாவின் காது இரண்டும் சூடாகிவிட்டது. அப்படியா சேதி! வழியைத் திறந்து வைத்து, வரவழைத்து, கழுத்தை அறுக்கும் திட்டம். அண்ணன் திட்டியதும் அவளுக்கு இப்போது நாடகமாகத் தெரிந்தது. இரண்டு பேரும் கலந்து பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யாரிடம் வேலை காட்டுகிறார்கள்?

அவள் உருட்டினாள். மறுபடியும் ஒரு இரண்டு.

ஹேமநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அவள் விரல் மூலைக் காயின் மேல் போய் நின்றது. அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பது தெரிந்தது. வேட்டைக்காரனும் இப்படித்தான் மூச்சை அடக்குவான் என்று நினைத்தாள். விரலை எடுத்துவிட்டாள். இரண்டை வேறு காய்க்கு ஆடினாள். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவன் உருட்டினான். ஆறும் ஐந்தும். சுவரை ஒட்டிய கட்டத்தில் இரண்டு காயும் நேராக வந்து உட்காரும் எண். வேறு எதை ஆடினாலும் சிறுபிள்ளைகூடச் சிரிக்கும். அவன் பகடைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த தபாவும் வுட்டுவைப்பியா? ஆட்டமாடா இது? எனக்காக ஆடறியா, அவளுக்காக ஆடறியா?" என்றார் பரந்தாமன்.

ஹேமநாதன் ஆறை ஆடினான். ஐந்தையும் ஆடினான். சுவர் முடிந்தது.

அதற்குமேல் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. அவள் காய் மூலையில் கிடந்தது, அவன் மற்ற காய்களை ஒவ்வொன்றாக வீடு சேர்த்தான். சுவர் பிரியும் நேரத்தில் அவள் ஓடிப் பிடிக்கத் தூரம் மிச்சமில்லை. அண்ணன், "டிக்கெட் போட்டுட்டு சொல்றேன். மனோ, மனசுல வச்சிக்காதம்மா" என்று போனை வைத்தார்.

மனோரமா காய்களை அள்ளப் போனாள். அவன் கையை வைத்துத் தடுத்தான்.

"மூடாம வழி வுட்டனே மனோ. ஏன் வரல?"

அவளுக்குப் புரியவில்லை. "வெட்டறதுக்குன்னு உங்க வாயாலதான சொன்னீங்க."

"அண்ணன் பாத்துகினு இருக்காரு. அவர்கிட்ட வேற இன்னா சொல்லுவேன்? நீ ஜெயிச்சிட்டன்னா நான் அவரு பேச்ச தட்டினதா ஆவாதுன்னுதான இந்த ஆட்டமே."

அவளுக்கு அதையும் நம்பத் தோன்றவில்லை. "ஜெயிச்சப்புறம் இத்த சொல்றதுல இன்னா இருக்குது?" என்றாள்.

பொய் சொல்லும்போது ஹேமநாதன் ஒன்றுக்கு மூன்றாகக் காரணம் அடுக்குவான். சத்தியம் செய்வான், கோபித்துக்கொள்வான். இத்தனை வருஷத்தில் அதெல்லாம் அவளுக்குப் பழக்கம். இப்போது அவன் தலையைக் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் காத்திருந்தாள். ஒரு காரணம்கூட வரவில்லை. அப்போதுதான் மனோரமாவுக்கு அழுகை வந்தது.