நாலு நிமிஷ வீடியோ

பத்திரிகைக்காரி நைரூஸ் மூன்றாவது முறையாக வந்த அன்று ஃபத்ஹியா தேநீரில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். மறந்துபோய் அல்ல. ராமல்லாவிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்றுதான். நைரூஸ் ஒரு மிடறு குடித்தாள். முகம் கொஞ்சமும் மாறவில்லை. "மரமிய்யா இலை வாசம் நல்லா இருக்கு" என்றாள். இத்தனை சாமர்த்தியமாக விழுங்குகிறவள் இன்னும் எதையெல்லாம் மறைப்பாள் என்று ஃபத்ஹியாவுக்குத் தோன்றியது.

பதினோரு நாட்களுக்கு முன்பு மலையுச்சியில் குடியேறிகள் புதிதாக அமைத்த குடியிருப்பிலிருந்து முகமூடி போட்ட ஐந்து பேர் இறங்கி வந்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவள் மகன் ரஸ்மியின் கையை உடைத்தார்கள். பிறகு வந்த ராணுவம் அடித்தவர்களை விட்டுவிட்டு ரஸ்மியைத்தான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. கல் எறிந்தானாம். பத்தொன்பது வயது. ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தாள் ஃபத்ஹியா. மொத்தம் நாலு நிமிஷம். முதல் மூன்று நிமிஷமும் ரஸ்மி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி நிற்கிறான். நாலாவது நிமிஷத்தில் அவன் அப்பா ரிப்ஹி மண்வெட்டியோடு ஓடிவந்து முகமூடிக்காரன் ஒருவன் தோளில் போடுகிறான். ரிப்ஹிக்கு வேலை எல்லைக்கு அந்தப் பக்கம், கட்டடங்களில். அந்த நாலாவது நிமிஷம் வெளியே போனால் அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பெர்மிட் போகும், ஆளும் உள்ளே போவான். வெளியே நாலு பேர் பார்த்தால்தான் நீதிபதியும் பார்ப்பார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை.

"உனக்கு யாரும்மா சம்பளம் தர்றா?" என்று கேட்டாள் ஃபத்ஹியா.

"படிக்கிறவங்கதான். நாங்க மூணு பேர் சேந்து நடத்துற இணையப் பத்திரிகை. அரசாங்கம், கட்சி, கம்பெனி எவன்கிட்டயும் வாங்குறதில்ல. எங்கெங்கயோ இருக்கிற ஜனங்க மாசாமாசம் கொஞ்சம் அனுப்புறாங்க. பஸ் ஓட்டுறவர் ஒருத்தர், ரிட்டயர் ஆன நர்ஸ் ஒருத்தங்க, இப்படி."

"எங்களத் தெரியுமா அவங்களுக்கு?"

"தெரிஞ்சுக்கத்தான் அனுப்புறாங்க."

ஃபத்ஹியா வெளியே கையைக் காட்டினாள். "அந்தத் தண்ணித் தொட்டியப் பாரு. கொடுத்தவங்க தொட்டிய விடப் பெரிசா போர்டு வச்சிட்டுப் போனாங்க. உங்க பஸ் டிரைவர் எங்க போர்டு வைப்பாரு? என் முதுகுலயா?"

நைரூஸ் சிரித்தாள். ஃபத்ஹியா சிரிக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தி தன் மகனுக்காகக் காசு அனுப்புகிறாள் என்பதை நம்புவதைவிட, இந்தப் பெண் எவனிடமோ கூலி வாங்குகிறாள் என்று நம்புவது எளிதாக இருந்தது. கூலி என்றால் புரிகிறது. அதற்கு ஒரு முதலாளி உண்டு, அவனுக்கு ஒரு கணக்கு உண்டு.

"மூணு நிமிஷம் தர்றேன். நாலாவத வெட்டிடு."

"முடியாது, உம் ரஸ்மி" என்றாள் நைரூஸ். ரஸ்மியின் அம்மாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வெட்டுனா வெட்டியிருக்குன்னு எழுதணும். எழுதாம போட்டு நாளைக்கு அடிச்சவங்க தரப்புல அவங்க எடுத்தத முழுசா விட்டா, முத மூணு நிமிஷத்தையும் எவனும் நம்பமாட்டான். உங்க வீட்டுக்காரர் முகத்த மறைக்கிறேன். ஆனா நடந்தத நடக்கலன்னு சொல்ல மாட்டேன். நீங்க சரின்னு சொல்லாம ஒரு விநாடிகூட வெளிய வராது."

யாரும் விலைக்கு வாங்காதவளை எப்படிப் பணிய வைப்பது? அப்போதுதான் ஃபத்ஹியா அந்தப் பொய்யைச் சொன்னாள். "யோசிக்கிறேன். போன் பத்திரமா இருக்கு. ஆட்டுக் கொட்டில்ல, தீவன மூட்டைக்கு அடியில." நைரூஸின் கண்கள் கொட்டில் பக்கம் திரும்புகின்றனவா என்று பார்த்தாள். திரும்பவில்லை. அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை, வெயில் ஏறிய பிறகு ராணுவம் வந்தது. முதலில் கொட்டிலுக்குள் போனார்கள். மூட்டைகளைக் கத்தியால் கிழித்து பார்லியைச் சாணத்தில் கொட்டினார்கள். பிறகு வீட்டுக்குள் வந்து மெத்தையைக் கிழித்தார்கள், மாவைக் கவிழ்த்தார்கள், எண்ணெய் டின்னை உதைத்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் போனார்கள். மாவும் எண்ணெயும் கலந்த தரையில் உட்கார்ந்து ஃபத்ஹியா ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்தாள். கொட்டில் முதலில். சாலையிலிருந்து வந்தால் கொட்டில்தான் முதலில் வரும், அது சரி. ஆனாலும் கொட்டில் முதலில்.

சாயந்திரம் வேலையிலிருந்து வந்த ரிப்ஹியிடம் சொன்னாள். "அந்த ராமல்லாக்காரிதான். அவகிட்ட மட்டும்தான் கொட்டில்னு சொன்னேன்."

ரிப்ஹி செருப்பைக் கழற்றாமல் நின்றான். "என்கிட்டயும் அப்படித்தானே சொன்ன."

"நீயும் அவளும் ஒண்ணா?"

"செக்போஸ்ட் வரிசையில நிக்கும்போது பேச்சுவாக்குல சொன்னேன் ஃபத்ஹியா. பொண்டாட்டி கெட்டிக்காரி, கொட்டில்ல ஒளிச்சு வச்சிருக்கான்னு. பெருமைக்குத்தான். சுத்தி இருபது பேர் இருந்திருப்பாங்க." பிறகு கேட்டான். "அப்ப அது கொட்டில்லயே இல்லையா?"

அவள் தன் இடுப்புப் பட்டையின் தையலைத் தொட்டுக் காட்டினாள். போனிலிருந்து கழற்றிய கார்டு அதற்குள் இருந்தது.

"என்கிட்டயுமா பொய் சொன்ன?"

இருபத்தோரு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனிடம் எந்த நொடியில் பொய் சொல்லத் தொடங்கினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ரிப்ஹி துடைப்பத்தை எடுத்து மாவைப் பெருக்க ஆரம்பித்தான். கதவு வரை பெருக்கிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"முழுசா கொடுத்திரு. ஓடுன ஓட்டத்துக்கு ஒரே ஒரு அடிதான் அவன்மேல பட்டுச்சு. அதையும் வெட்டிட்டா நான் எதுக்கு ஓடுனேன்?"

"பெர்மிட்?"

"பையன் உள்ள இருக்கான்."

வெள்ளிக்கிழமை நைரூஸ் வந்தாள். கிழிந்த மெத்தையைப் பார்த்துவிட்டு அதன் ஓரமாக உட்கார்ந்தாள்.

"கொட்டில்ல தேடுனாங்க" என்றாள் ஃபத்ஹியா.

நைரூஸ் மெத்தையிலிருந்து பார்வையைத் திருப்பினாள். "என்கிட்ட சொன்ன இடம்."

"ஆமா."

"நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா அத நிரூபிக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல, உம் ரஸ்மி. நம்பித்தான் ஆகணும்னும் சொல்லமாட்டேன்."

இவள் சத்தியம் செய்திருந்தால் ஃபத்ஹியா எழுந்து போயிருப்பாள். செய்யாதது நேர்மையா, அதைவிடத் தேர்ந்த வித்தையா என்று முடிவு செய்ய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. பட்டையின் நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். நகத்தளவு கார்டு உள்ளங்கையில் விழுந்தது. நைரூஸ் மடிக்கணினியில் அதைச் செருகினாள். நாலு நிமிஷமும் ஓடியது. ரிப்ஹி மண்வெட்டியை ஓங்கிய இடத்தில் இருவருமே திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

"நாளைக்கு வந்துரும். போடுறதுக்கு முன்னாடி உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன்" என்று சொல்லி, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நைரூஸ் கிளம்பினாள்.

ஃபத்ஹியா வாசலில் நின்று பார்த்தாள். வெள்ளைக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மலைச் சரிவில் இறங்கி, கீழே வளைவில் நின்றிருந்த ராணுவ ஜீப்பின் அருகே நின்றது. அந்த இடத்தில் எல்லாக் காரையும் நிறுத்துவார்கள். ஒரு சிப்பாய் ஜன்னல் பக்கம் குனிந்தான். அவ்வளவு தொலைவிலிருந்து முகம் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை; மிரட்டுகிறானா, பழகியவளோடு பேசுகிறானா என்று சொல்ல முடியவில்லை. அவன் ஒரு கையைக் காரின் கூரைமேல் ஊன்றியிருந்தான். அந்தக் கை அங்கேயே இருந்தது.