கே.கே. நகரில் வெயில்

எனக்கு வானிலை ஆபீஸ் என்றால் அது என் மச்சினன் ஷாஹுல் ஹமீதுதான். நான் மயிலாப்பூரில் விறகடுப்பில் கல்யாண பிரியாணி போடுகிறவன். அவன் கே.கே. நகரில் இருக்கிறான். ஆடி, ஆவணி மாலைகளில் "மச்சான், இங்க பிச்சிக்கினு ஊத்துது" என்று அவன் போன் பண்ணினால், கொஞ்ச நேரத்தில் எங்களுக்கும் கொட்டும். தப்பியதே இல்லை.

மகள் மஹ்விஷின் நிக்காஹ் ஐப்பசியில். அவள் கல்யாணச் சாப்பாடு என் கையால்தான் என்று பிடிவாதமாக இருந்தேன். மயிலாப்பூர் மண்டபத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் பிரியாணி அண்டாக்களை, எங்கள் பேச்சில் தேக்சாக்களை, அடுப்பில் ஏற்றினேன். மேலே தார்ப்பாய் கட்டச் சொன்னாள் மனைவி ஷகீலா. கட்டினால் புகை கண்ணைப் பிடுங்கும். ஷாஹுலுக்குப் போன் போட்டேன்.

"மண்டைய பொளக்குது மச்சான் வெயிலு. தைரியமா ஏத்து."

தார்ப்பாயைச் சுருட்டி வைத்தேன். மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் தம் போடும் நேரம் பார்த்துக் கொட்டியது மழை. அடுப்பெல்லாம் தண்ணீர். மண்டபத்துக்குள் விறகு எரிக்க விடமாட்டார்கள். ஷாஹுலைக் கூப்பிட்டுக் கத்தினேன். அங்கே இன்னும் வெயிலாம்!

மணப்பெண் ஜன்னலில் தலையை நீட்டினாள். "அத்தா, ஆடி மழை மேற்கேர்ந்து வரும், மாமா வீட்டைத் தாண்டித்தான் நமக்கு. இப்ப கடல்லேர்ந்து வருது. கரையில கொட்டிட்டு, உள்ள போகப் போகக் கொறையும். இந்த மாசத்துல மாமாவைக் கேட்டா?"

"அடையாறும் கரைதானே? அங்க பொட்டு மழை இல்லைன்னு அந்த ஊர்ப் பாத்திரக்கடை லாரன்ஸ் போன்ல சொல்றானே?"

"மேகம் பட்டை பட்டையா வரும் அத்தா. நடுவுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"அப்ப நான் யாரைத்தான் கேக்கறது? கடலுக்குள்ள எனக்கு எந்த மச்சினன் இருக்கான்?"

சிந்தாதிரிப்பேட்டை சம்பந்திகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாதி வெந்த பிரியாணியை அவர்கள் முன் வைப்பதா? தேக்சாக்களைத் தார்ப்பாயோடு டெம்போவில் ஏற்றி, வெயிலைத் தேடி மேற்கே விட்டேன். தி. நகரில் ஒரு தெருவில் குடை, அடுத்த தெருவில் காய்ந்த புழுதி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கே.கே. நகரில் ஷாஹுல் வீட்டு வாசலில் அடுப்பு மூட்டி, மூடிமேல் கங்கு போட்டதும் ஷகீலா கூப்பிட்டாள். "இங்க வெயில் அடிக்குது. பொண்ணோட அத்தா இல்லாம எப்படி நிக்காஹ்? வாங்க!"

"நீ போ மச்சான், நான் பாத்துக்கறேன்" என்றான் ஷாஹுல். அவன் வாயை நம்பித்தானே இந்தக் கதி! வேறு வழியில்லாமல் டெம்போவை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

நிக்காஹ் முடிந்தது. துஆவுக்கு ஏந்திய இரு கைகளில் ஒன்று பிரியாணிக்காகத்தான். அப்போது டெம்போ வந்து நின்றது. ஷாஹுலும் அவன் வீட்டு ஆட்களும் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட இறங்கினார்கள்.

"நீ கிளம்பினதும் அங்க புடிச்சிக்கிச்சு மச்சான். தம் இறங்கற வரைக்கும் நாலு பேரும் தார்ப்பாயைத் தூக்கிப் புடிச்சிக்கினு நின்னோம்."

மாவை உடைத்து மூடியைத் திறந்தேன். அரிசி உதிரி உதிரியாக நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரத்தோடு அவனைக் கட்டிக்கொண்டேன்.

அவன் அண்ணாந்து பார்த்தான். "இனிமே மழை வராது மச்சான்."

நான் போய்த் தேக்சாக்களைத் தார்ப்பாயால் மூடினேன்.